இன்னும் மூன்று பக்கம்

பெயரை அடித்திருந்தது ஊதாக் கிரயோன். அதில் கருப்பம்மாளுக்குச் சந்தேகமே இல்லை.

ஈப்போ நூலகத்தின் சிறுவர் பகுதிக் கதவில், சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கப்போகும் பெற்றோரின் பட்டியல் ஒட்டியிருந்தது. வாரத்துக்கு ஒருவர். மூன்றாவதாக, ‘திருமதி கருப்பம்மாள் சின்னையா’ என்று குமுதா டீச்சர் குண்டு குண்டாக எழுதியிருந்தார். அந்தப் பெயரின் மேல்தான் இப்போது ஊதா நிறத்தில் ஒரு காடே வளர்ந்து கிடந்தது. ஓர் எழுத்துகூடத் தெரியாதபடி அழுத்தித் தேய்த்திருந்தது ஒரு கை. ஊதாக் கிரயோனைக் கட்டை விரல் அளவுக்குத் தேய்த்துத் தீர்க்கிற பிள்ளை அந்தக் கூட்டத்தில் ஒன்றுதான் உண்டு. அது இவள் வயிற்றில் பிறந்தது.

“ஏன்டி அம்மா பேர அடிச்ச?” என்று மோட்டாரில் வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டாள்.

பின்னால் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்த துளசி காது கேட்காததுபோல் இருந்தாள். ஏழு வயதுக்கு அது நன்றாகவே வரும். மறுபடி கேட்டதும், “வர்ற வாரம் வேணாம்மா. நீ அடுத்த மாசம் படி” என்றாள்.

“ஏன்?”

“வேணாம்னா வேணாம்லா.”

கருப்பம்மாளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்த ஒரு சனிக்கிழமைக்காக மூன்று வாரமாக அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு அவளிடம் யாரும் எதையும் வாசித்துக் காட்டச் சொன்னதில்லை. அவள் வாசிக்க எடுத்தது, மழைநாளில் அம்மாவும் மகளும் தொலைந்துபோன குடையைத் தேடிப் போகிற கதை. கதை நேரத்துக்கென்றே மேசை அகலத்தில் ஒரு பெரிய பிரதி நூலகத்தில் இருந்தது. அதை வெளியே கொடுக்க மாட்டார்கள். அதன் சின்னப் பிரதியை இரவல் வாங்கி, வேலை பார்க்கும் டோபிக் கடையில், துணி சுழலும் நேரமெல்லாம் எட்டு இயந்திரங்களுக்கும் உரக்க வாசித்துக் காட்டியிருந்தாள். வீட்டுக்கு வந்து துளசிக்கும் வாசித்தாள். இடி இடிக்கிற இடத்தில் தட்டைத் தட்டிச் சத்தம் எழுப்பக்கூடப் பழகிவிட்டாள். துளசி, கதை வாசிப்பவரின் சின்ன நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து தன்னை அண்ணாந்து பார்க்கப் போவதைத் தினமும் நினைத்துப் பார்த்தாள். அவளுக்கு அது வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், ரொம்ப வேண்டும்.

இந்த இடத்தில் அவள் முகத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேற்கொண்டு ஒன்றும் விளங்காது. கருப்பம்மாள் பிறந்தது செமோர்ப் பக்கம், ஒரு சீனக் கம்பத்தில், அதாவது கிராமத்தில். பிறந்த நேரம் தகப்பனுக்கு ஆகாது என்று யாரோ சொல்ல, பதினோராம் நாள் அவளைப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த சன்னாசியின் மனைவி கையில் கொடுத்துவிட்டார்கள். அப்போதெல்லாம் அது அதிசயமில்லை. அந்தப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயங்களில் இப்படி வந்து சேர்ந்து, தமிழ்ப் பெயரோடு ஓடித் திரிந்த சீனப் பிள்ளைகள் உண்டு. சன்னாசி தம்பதிக்கு அதற்குமுன் மூன்று குழந்தைகள் தங்கவில்லை. இதுவாவது தங்கட்டும் என்று தோட்டத்துக் கருப்பர் சன்னிதியில் வைத்துக் கருப்பம்மாள் என்று பெயரிட்டார்கள். உரித்த முட்டை மாதிரி இருந்த குழந்தைக்கு அந்தப் பெயரா என்று சிரித்தவர்கள் சிரித்தார்கள். குழந்தை தங்கியது. பால்குடம் எடுத்தது, தமிழ்ப்பள்ளிக்குப் போனது, சிம்பாங் பூலாய்க் கல்மலையில் லாரி ஓட்டும் சின்னையாவைக் கட்டிக்கொண்டது. சீன மொழியில் அவளுக்குப் பசாரில் விலை கேட்க மட்டும் தெரியும், அதுவும் பத்து வெள்ளிக்குள் இருந்தால்.

துளசியோ அப்பனை அப்படியே உரித்து வைத்திருந்தாள். அதே நிறம், அதே சுருட்டை முடி, அதே பிடிவாதம். தாயும் மகளும் கைகோத்து நடந்தால் எதிரே வருகிறவர்கள் இரண்டாம் தடவை திரும்பிப் பார்ப்பார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எவ்வளவு சம்பளம் என்று கிளினிக்கில் ஒருத்தி கேட்டே விட்டாள். கருப்பம்மாள் இதற்கெல்லாம் அசைகிறவள் இல்லை. நாற்பத்திரண்டு வருடப் பழக்கம்.

போன மாதம்கூட ஒரு கூத்து நடந்தது. சனிக்கிழமை பத்து மணிக்கு நூலகத்தின் இடது கண்ணாடி அறையில் தமிழ்க் கதை, வலது கண்ணாடி அறையில் சீனக் கதை. நடுவே ஒரு நடைபாதை. துளசி முன்னால் ஓடிவிட, இவள் மோட்டாரை நிறுத்திவிட்டு மூச்சிரைக்க வந்தாள். வாசலில் காவலுக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த ஜாகா ஐயாவு இவளைப் பார்த்தார். “சானா, அமோய், சானா” என்று சீனப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டு, அந்தப் பக்கம் போ என்று மலாயில் சொல்லிக் கைகாட்டி, வலது அறைக் கதவைத் திறந்து, உள்ளே விட்டு, மரியாதையாகச் சாத்தியும் விட்டார். அங்கே கதை தொடங்கியிருந்தது. ஒரு சீன ஆண்டி நாற்காலியை நகர்த்திக் கொடுத்து, உரித்த ஆரஞ்சுச் சுளை ஒன்றையும் கையில் வைத்தாள். எழுந்து வெளியே போக ஒரு மாதிரியாக இருந்தது. படத்தில் ஓர் அம்மா பலகாரம் அவிக்கிறாள், பூனை திருடுகிறது. அதற்கு மொழி எதற்கு? எல்லாரும் சிரித்தபோது இவளும் சிரித்தாள். கதை முடிகிறவரை இருந்துவிட்டுத்தான் வந்தாள். அன்று மாலை சோறு போட்டுக்கொண்டே சின்னையாவிடம் சொன்னதும், அவன் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. துளசி தட்டிலிருந்த முருங்கைக்காயை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் குமுதா டீச்சர் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய், புது உற்சாகத்தோடு திரும்பினார். நூலகத்தில் சிறுவர் பகுதியைப் பார்த்துக்கொள்பவர் அவர், பிள்ளைகள்மேல் உயிர். இனி எல்லாப் பிள்ளைகளும் புத்தகத்தில் தங்களைப் பார்க்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம். பெட்டி பெட்டியாகப் புதுப் புத்தகங்கள் இறங்கின. மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, காட்டோரத்து அஸ்லி பழங்குடிப் பிள்ளை, சக்கர நாற்காலியில் பள்ளிக்குப் போகும் பிள்ளை என்று எல்லாருக்கும் ஒரு புத்தகம். சீன முகங்கள் இருந்ததெல்லாம் வலது அறைக்குப் போயின. தமிழ் அறைப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, “உங்க முகம் எந்தப் புத்தகத்துல இருக்கோ, அதான் உங்க புத்தகம். தேடிப் பிடிங்க பாப்போம்!” என்றார் டீச்சர். துளசி ஒரே நிமிடத்தில் சுருட்டை முடிக்காரி ஒருத்தியைக் கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்த பிறகும் பெட்டியை விட்டு எழவில்லை. மற்றப் பிள்ளைகள் போன பிறகும் ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டிக்கொண்டே இருந்தாள். இன்னும் என்னடி தேடுற என்று கேட்டதற்கு, சும்மா என்றாள். இதெல்லாம் நடந்து இரண்டு வாரத்தில்தான் பெயர் ஊதாவில் அடிக்கப்பட்டது.

அந்த வாரம் முழுக்கக் கருப்பம்மாள் தினமும் ஒரு முடிவுக்கு வந்து, மறுநாளே அதை மாற்றிக்கொண்டாள். தன் டோபி வேலை பிள்ளைக்குக் குறைச்சலாக இருக்கிறதோ என்று திங்கட்கிழமை நினைத்தாள். செவ்வாய்க்கிழமை, தான் எழுத்துக் கூட்டி மெதுவாக வாசிப்பதுதான் காரணம் என்று தோன்றியது. புதன்கிழமை இயந்திரத்தின் வட்டக் கண்ணாடியில், மூக்குக் கண்ணாடி போட்ட தன் முகம் தெரிந்தது. உள்ளே யாருடைய போர்வையோ சுழன்றுகொண்டிருந்தது. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வலித்தது. ஊரில் யார் என்ன சொன்னாலும் தாங்கினவளுக்கு, ஒரு துண்டுக் கிரயோனைத் தாங்க முடியவில்லை.

“என்னாங்க, புள்ளைக்கு என்னைப் பாத்தா வெக்கமா இருக்குமோ?” என்று சின்னையாவிடம் கேட்டாள்.

“உன்னயா? அதுக்கு உன்ன விட்டா யாரு இருக்கா?” அவன் தலையைச் சொறிந்தான். “நீ பேசாம சேல கட்டிக்கிட்டுப் போ கருப்பு. பூவெல்லாம் வச்சுக்கிட்டு. அப்பறம் யாரு என்னா சொல்ல முடியும்?”

வியாழக்கிழமை, கடைக்குப் போகும் வழியில் நூலகத்தில் நுழைந்து குமுதாவைப் பார்த்தாள். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நோயைக் கண்டுபிடித்த டாக்டர்போல் தலையசைத்தார்.

“அக்கா, இது அடையாளக் கொழப்பம். கோர்ஸ்ல இதத்தான் சொன்னாங்க. வாரா வாரம் பேரு எழுத ஸ்டிக்கர் குடுக்கறேன் இல்ல? துளசி மட்டும் நாலஞ்சு வாங்கிக்குது. ஆனா ஒன்னுகூட சட்டையில ஒட்டிக்க மாட்டேங்குது. தன் பேர வெளிய காட்டவே புடிக்கல போல. அது வீட்டுல உள்ள மாதிரி குடும்பம் ஒரு புத்தகத்துலயும் இல்ல பாருங்க, அதான்.”

“அதுக்கு என்னா செய்றது டீச்சர்?”

அதற்காகவே காத்திருந்ததுபோல் குமுதா ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். “இந்தாங்க. தேடித் தேடி எடுத்து வச்சேன். அம்மா ஒரு கலரு, புள்ள ஒரு கலரு. நாளன்னைக்கு இதப் படிங்க.”

கருப்பம்மாள் பிரித்தாள். மஞ்சள் முடிக்காரப் பெண் ஒருத்தி, கறுத்த பிள்ளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் வரை பனியில் நின்றாள்.

“டீச்சர், இந்தம்மா பனியில நிக்குது. எனக்கு ஏர்கோன் போட்டாலே தும்மல் வரும்.”

“பனியப் பாக்காதீங்கக்கா, அர்த்தத்தப் பாருங்க.”

அர்த்தத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. படத்தில் இருப்பது தான் இல்லை என்பது மட்டும்தான் தெரிந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். குமுதாவின் முகம் வாடிப்போனது. “கஷ்டமா இருந்தா சொல்லுங்கக்கா, இந்த வாரம் வேற ஆள போட்டுக்கறேன்” என்றார்.

“வேணாம். நான் வாரேன். கொடைக் கதையவே படிக்கிறேன்” என்றாள் கருப்பம்மாள். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் வந்தது.

சனிக்கிழமை காலை, தீபாவளிக்கு எடுத்த மாம்பழ நிறச் சேலையைக் கட்டினாள். ஒரு முழம் மல்லிகை, நெற்றி நிறையப் பொட்டு, கையில் வளையல். “இப்ப எவனாச்சும் அமோய்னு கூப்புடட்டும் பாப்போம்” என்றான் சின்னையா. துளசி அறை வாசலில் நின்று பார்த்தாள். அவள் முகம் செத்துப்போனது.

“ம்மா, போகாத. இன்னும் முடியல.”

“என்னாடி முடியல?”

துளசி கிரயோன் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு மோட்டாரில் ஏறினாள்.

நூலகத்துக்குள் நுழைந்ததும் ஐயாவு இரண்டு கையையும் விரித்தார். “வா அமோய்! சாரியெல்லாம்! சந்திக்லா!” என்று அழகை மெச்சினார்.

“அண்ணே, நான் தமிழுதான்” என்றாள் கருப்பம்மாள். “செமோர் தோட்டத்துச் சன்னாசி மக.”

ஐயாவு திருதிருவென்று முழித்தார். “பால் வெட்டுன சன்னாசி அண்ணனோட மகளா? அட கடவுளே! நான் ஒரு மடையன். மன்னிச்சுக்கம்மா.” மன்னிப்புக் கேட்ட கையோடு கதவைத் திறந்துவிட ஓடியவர், பதற்றத்தில் மறுபடி வலது அறைக் கதவையே திறந்தார்.

அதற்குள் தலைமையகத்திலிருந்து புகைப்படம் எடுக்க வந்திருந்த அதிகாரி அம்மாள் இவளைப் பார்த்துவிட்டார். சேலை கட்டிய சீனப் பெண்! இதைவிட வேறென்ன வேண்டும்? ஆசையாக முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியே அந்தப் பக்கம், சீனப் பிள்ளைகளோடு போய் நில்லுங்கள், படம் பிரமாதமாக வரும் என்று மலாயில் சொன்னார். வலது அறைக்குள்ளிருந்து அன்றைய ஆரஞ்சு ஆண்டி இவளை அடையாளம் கண்டு கையாட்டினாள். கருப்பம்மாளை யாரோ கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. தமிழச்சி என்று காட்டக் கட்டிய சேலை அவளை நேராக இந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

“விடுங்க! எங்கம்மாவ விடுங்க!”

துளசி ஓடிவந்து சேலைக் கொசுவத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். அதிகாரி பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார். “நான்தான் சொன்னேன்ல வராதன்னு! வீட்டுக்குப் போம்மா! இப்பவே போ!” என்று அழுதுகொண்டே கத்தினாள் துளசி. நூலகமே திரும்பிப் பார்த்தது.

கருப்பம்மாள் அங்கேயே மண்டியிட்டாள். “ஏன்டி? அம்மா மூஞ்சி உனக்கு வெக்கமா இருக்கா? சொல்லிடு. அம்மா கோவிக்க மாட்டேன்.”

துளசி அழுகையை நிறுத்திவிட்டு, இந்த அம்மாவுக்கு ஏன் எதுவுமே தெரியவில்லை என்பதுபோல் பார்த்தாள்.

“அன்னைக்கு உன்ன அந்த ரூம்ல வச்சுக்கிட்டாங்க. நான் கண்ணாடி வழியா கைய கைய ஆட்டுனேன். நீ பாக்கவே இல்ல. சிரிச்சுக்கிட்டே இருந்த.”

“அது சும்மாடி, அந்தத் தாத்தா தெரியாம...”

“டீச்சர் சொன்னாங்க, மூஞ்சி எந்தப் புக்குல இருக்கோ அதான் அவங்க புக்குன்னு. நான் நம்ம பொட்டி பூரா தேடிட்டேன். உன் மூஞ்சி ஒன்னுலயும் இல்ல. எல்லாம் அந்த ரூம்லதான் இருக்கு.” மூக்கை உறிஞ்சினாள். “நீ வந்தா உன்ன அங்க அனுப்பிடுவாங்க. அப்பறம் நீ அங்கியே இருந்துருவ.”

குமுதா டீச்சர் கையிலிருந்த பட்டியலோடு நின்றிருந்தார்.

கருப்பம்மாள் உடனே ஏதாவது சொல்ல வேண்டும். அப்படியெல்லாம் போக மாட்டேன் என்று சொன்னால் போதும். ஆனால் அன்றைக்குக் கதை முடிகிறவரை அவள் உட்கார்ந்திருந்தது கூச்சத்தால் மட்டும் இல்லை. அந்த அறையில் அவளை யாரும் இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கால்மணி நேரம் அது நன்றாக இருந்தது, ஏன் நன்றாக இருந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை. சின்னையாவிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னபோது அதை மட்டும் சொல்லவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற பிள்ளை அதைத்தான் பார்த்திருக்கிறது.

கருப்பம்மாள் துளசியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இடது அறைக்குள் போனாள். ஒரு டஜன் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சின்ன நாற்காலியில் அமர்ந்தாள். துளசி முன்னால் போய் உட்காராமல், முந்தானை நுனியைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். குமுதா பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்.

பிரித்தாள். முதல் பக்கத்தில் வெறும் மழை. இரண்டாம் பக்கத்தில், கூடத்தில் நின்று குடையைத் தேடும் அம்மா. அந்த அம்மாவின் முகத்தில் வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. பிள்ளைகள் பெயர் எழுதி ஒட்டிக்கொள்ளும் அதே ஸ்டிக்கர். அதன்மேல் ஊதாக் கிரயோனில் ஒரு முகம். கோணலான மூக்குக் கண்ணாடி, தோள் வரை நேராக விழும் முடி, இடது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம், நெற்றியில் பெரிய பொட்டு.

கருப்பம்மாளின் கை தானாகத் தன் புருவத்துக்கு மேல் போனது.

மூன்றாம் பக்கத்திலும் அதே முகம். அதில் பல் தெரிந்தது. நான்காம் பக்கத்தில் மழையில் நனைந்து, கண்ணாடியில் துளித்துளியாக ஊதாப் புள்ளிகள். பிள்ளைகள் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள். “டீச்சர், புக்க யாரோ ஒட்டி வச்சிருக்காங்க” என்று ஒருவன் கோள் சொன்னான். குமுதா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

கருப்பம்மாள் வாசிக்கத் தொடங்கினாள். எழுத்துக் கூட்டித்தான் வந்தது, ஆனால் யாரும் சிரிக்கவில்லை. இடி இடிக்கிற இடத்தில் தட்டு இல்லாததால் நாற்காலியைத் தட்டினாள். ஏழாம் பக்கத்தைத் திருப்பியதும் ஸ்டிக்கர் இல்லை. அச்சடித்த அம்மா, மாநிற முகத்தோடு, பெரிய கண்ணோடு, பசாரில் நின்று சிரித்தாள். முந்தானை வெடுக்கென்று இழுபட்டது.

“இங்க நீ இன்னும் வரல. இன்னும் மூணு பக்கம் இருக்கு” என்று துளசி காதோடு சொன்னாள். “அதான் அடுத்த மாசம்னு சொன்னேன். வேகமாத் திருப்பும்மா.”

கருப்பம்மாள் திருப்பவில்லை. அந்தப் பக்கத்தை விரித்தபடியே மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து குமுதாவைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டி டீச்சர் இரண்டாகத் தெரிந்தார்.

“டீச்சர்,” என்றாள், “ஸ்டிக்கர் இன்னும் மூணு கெடைக்குமா?”